தாஸுக்குப் பிடியரிசி

சூசையம்மாளிடம் வாய் கொடுத்துவிட்டு முழுசாக வீடு திரும்பினவர்கள் மாதா கோயில் தெருவில் கிடையாது. குழாயடி ஆகட்டும், ரேஷன் கடை ஆகட்டும், அவள் குரல் கேட்டால் ஆம்பளைகளே கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்பார்கள். ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில், ஏரிக்கரையை ஒட்டின சின்னத் தெரு அது. அதில் பாதிப் பேரோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. மீதிப் பேரோடு உண்டு, அதுவும் சண்டைப் பேச்சு. அப்படிப்பட்டவள் ஒருநாள் வாசல் வாசலாகப் போய்க் கை நீட்டினாள் என்றால் அது தம்பிக்காகத்தான். தனக்கென்றால் செத்தாலும் நீட்டியிருக்க மாட்டாள்.

தம்பி பெயர் ஏசுதாஸ். தெருவுக்கு அவன் தாஸு. அம்மாவும் நைனாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தபோது அவன் சின்னப் பையன், அவள் கல்யாண வயசுப் பெண். வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் நெல் காயப்போடுகிற களத்து வேலைக்குப் போய் அவனை வளர்த்தாள். பெண் பார்க்க வந்தவர்களிடம், தம்பியும் கூடத்தான் வருவான் என்று முதல் வார்த்தையாகச் சொன்னாள். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். போங்கடா, உங்களை யார் கூப்பிட்டது என்று இருந்துவிட்டாள்.

பத்தாவது படிக்கும்போது தாஸு இளைக்க ஆரம்பித்தான். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான், ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து வெளியே போனான். அவன் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்தது. வயசுப் பையன், உயரம் போடுகிறான் என்று அவளும் விட்டுவிட்டாள். ஒருநாள் காலையில் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. மில் லாரியில் போட்டுச் செங்கல்பட்டுக்குக் கொண்டு போனார்கள்.

பிழைத்தான். ஆனால் அங்கிருந்த டாக்டரம்மா சூசையம்மாளை உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். வயசானவர்களுக்கு வருகிற சர்க்கரை வியாதி இல்லையாம் இது. சாப்பிடுகிற சோறு உடம்பில் சேருவதற்கு ஒரு சுரப்பு வேண்டுமாம், அது இவனுக்கு அறவே நின்றுபோய்விட்டதாம். அதை ஊசி வழியாகத்தான் ஏற்ற வேண்டும். எத்தனை நாளைக்கு என்று கேட்டாள். இருக்கிற வரைக்கும் என்றார் டாக்டரம்மா.

இன்னும் இரண்டு விஷயம் அழுத்தி அழுத்திச் சொல்லி அனுப்பினார். ஒன்று, இனிப்புப் பக்கமே போகக் கூடாது. இரண்டாவது, ஊசி போட்ட பிறகு சோறு தப்பினாலோ, வெயிலில் அளவுக்கு மீறி உழைத்தாலோ ரத்தத்தில் இருக்கிற சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடும். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். அப்போது சர்க்கரையோ வெல்லமோ உடனே கொடுக்க வேண்டும். வாய் கிட்டிக்கொண்டால் கன்னத்துக்கு உள்பக்கம் தடவ வேண்டும். தாமதித்தால் உயிருக்கு ஆபத்து.

சூசையம்மாள் இரண்டையும் நன்றாகத்தான் கேட்டுக்கொண்டாள். கத்தரிக்காயில் குத்திக் குத்தி ஊசி போடப் பழகினாள். கண்ணாடி ஊசியைத் தினமும் வென்னீரில் கொதிக்க வைத்தாள். மருந்துச் சீசாவை ஈர மணல் நிரப்பின சட்டியில் புதைத்து, மூலையில் வைத்துப் பச்சைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டாள். அதெல்லாம் வந்துவிட்டது, மருந்துக்குத் துட்டுதான் வரவில்லை. காதுத் தோடு போயிற்று. ஆடு போயிற்று. மில் கூலியில் வயிற்றைக் கழுவலாம், அல்லது ஊசி வாங்கலாம். இரண்டும் நடக்காது.

அந்தத் தெருவில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அது மாதா கோயிலுக்குப் போகும், விளக்குக்கும் வெள்ளையடிக்கவும் ஆகும். சூசையம்மாள் அந்தக் கோயில் பங்குச் சாமியாரிடம் போய் நின்றாள். கோயிலுக்குப் போடுகிற பிடி போக, என் தம்பிக்கென்று இன்னொரு பிடி கேட்டால் தப்பா என்று கேட்டாள். தப்பே இல்லை, ஆனால் கேட்க வேண்டியது நீதான் என்றார் அவர். அவருக்கென்ன, சுலபமாகச் சொல்லிவிட்டார்.

முதல் வாசல் எதிர்வீட்டு ராஜம்மாவுடையது. கோழி மேய்ந்ததில் ஆரம்பித்துச் சாக்கடைத் தண்ணீர் வரைக்கும் அந்த இரண்டு பேரும் போடாத சண்டை இல்லை. சூசையம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். ராஜம்மா முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

“சக்கர வியாதியா? அது மில் மொதலாளிக்கு வர்ற வியாதியாச்சே. கூழு குடிக்கிற வூட்டுக்கு எங்கேர்ந்து வந்திச்சி?”

அடுத்த வீட்டிலும் இதே கேள்விதான். அதற்கடுத்த வீட்டிலும். ஊசி என்றால் காய்ச்சலுக்கு ஒன்று போடுவார்கள், சரியாகிவிடும். இது என்ன தினமும் ஊசி என்று முகத்தைப் பார்த்தார்கள். அன்றைக்கு வெறும் பையோடு திரும்பி வந்த சூசையம்மாள் அடுத்த வாரம் பேச்சை மாற்றினாள்.

“ஒரு துண்டு வெல்லம் வாயில பட்டா போதும், பொழுது சாயறதுக்குள்ள என் தம்பி பொணம். இனிப்பு அவனுக்கு வெசம். அந்த வெசத்த முறிக்கத்தான் ஊசி” என்றாள்.

விஷம் என்றால் யாருக்கும் புரிகிறது அல்லவா! ஜனங்கள் பயந்தார்கள். பயந்த கை தானாகப் பானைக்குள் போயிற்று. டாக்டரம்மா சொன்ன இரண்டாவது விஷயத்தை அவள் வாயே திறக்கவில்லை. சர்க்கரை கொல்லும் என்கிறாய், அதே சர்க்கரைதான் காப்பாற்றும் என்றும் சொல்கிறாய், யாரிடம் கதை விடுகிறாய் என்று ராஜம்மா கேட்டால் என்ன பதில் சொல்வது? அரிசியில் கல்லைப் பொறுக்கி எறிகிற மாதிரி அந்தப் பாதியைப் பொறுக்கி எறிந்துவிட்டாள். பொய்யென்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வீடு இன்னொரு பானை வந்தது. ‘தாஸு பானை’ என்று அதற்குப் பெயரும் வந்தது. வாராவாரம் அரிசியைத் திரட்டி மில்காரரிடம் போட்டுத் துட்டாக்கி, அப்படியே மருந்துக் கடைக்குக் கொண்டு போனாள். அரிசி போட்டவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. கல்யாணப் பந்தியில் தாஸு இலையில் பாயசம் விழாமல் நான்கு பேர் கை நீட்டித் தடுத்தார்கள். மூலைக்கடை செல்லம்மாள் சாமி கும்பிடுகிற கோயில் வேறு, ஆனாலும் அவளும் பிடி போட்டாள். ஒருநாள் அவன் சிநேகிதனுக்காகக் கமர்கட்டு வாங்கப் போனபோது, உனக்குத் தர மாட்டேன், போடா என்று விரட்டிவிட்டாள். தன் தம்பிக்கு ஒரு தெருவே காவல் நிற்பதைப் பார்த்துச் சூசையம்மாளுக்குப் பெருமைதான். அவன் எப்போதாவது நடுங்கினால் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, முந்தானையில் முடிந்திருந்த வெல்லத்தை வாயில் போடுவாள். யாருக்கும் தெரியாது.

தாஸுக்குத்தான் அந்தப் பானை தொண்டையில் முள்ளாக நின்றது. பதினேழு வயசுப் பிள்ளை. தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை அவனுக்கு. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அடுப்புப் பக்கத்தில் அவன் பெயரில் ஒரு பானை உட்கார்ந்திருந்தது. பெரிய வெள்ளிக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான தவக்காலம் வந்ததும் அது இன்னும் மோசமாயிற்று. தெருவில் முக்கால்வாசிப் பேர் ஒருசந்தி இருந்தார்கள், ஒருவேளைச் சாப்பாடுதான். மிச்சமாகிற வேளையின் அரிசி முழுசும் தாஸு பானைக்குப் போயிற்று. ராஜம்மாவின் சின்னப் பெண் ஒருநாள் அவனைப் பார்த்து, எங்க வூட்ல ராத்திரி சோறு இல்ல, ஒனக்குத்தான் கொட்டிட்டாங்க என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டு ஓடினாள். பெரிய வெள்ளி ஊர்வலத்தில் சிலுவை நான்தான் தூக்குவேன் என்று அவன் போய்ச் சாமியாரிடம் பெயர் கொடுத்துவிட்டு வந்தான்.

சூசையம்மாள் ஆடித் தீர்த்துவிட்டாள். உனக்கென்ன கிறுக்கா, அந்தக் கட்டையின் கனம் தெரியுமா என்று கத்தினாள். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, பிள்ளை ஆசைப்படுகிறான், விடம்மா என்று பெரியவர்கள் சொன்னார்கள். கடைசியில், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் தூக்க வேண்டும், பட்டினி கிட்டினி என்றால் காலை உடைத்துவிடுவேன் என்று சொல்லி ஒத்துக்கொண்டாள்.

பெரிய வெள்ளியன்று காலையில் ஊசியைப் போட்டாள். தட்டில் கேழ்வரகு அடையும் குழம்பும் வைத்தாள். கோயில் முற்றம் கூட்டித் தண்ணீர் தெளிக்க ஆள் கூப்பிட்டதால், சாப்பிட்டுவிட்டு வாடா என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். திரும்பி வந்து பார்த்தபோது தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டு மில் புடவையை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கோயில் புடவையைக் கட்டிக்கொண்டாள். வெல்ல முடிச்சு பழைய புடவையோடு கொடியில் தொங்கியது. தாஸுக்கோ பாதம் வரை தொங்குகிற அங்கி. அதில் பையே கிடையாது.

ஏசு சிலுவை சுமந்து போனதை நினைத்து, தெருவில் அங்கங்கே மாட்டின படங்களின் முன்னால் நின்று நின்று போகிற சிலுவைப் பாதை உச்சிவெயிலில் கிளம்பியது. ஏசு விழுகிற இடங்களில் சிலுவை தூக்குகிறவனும் விழ வேண்டும், அது முறை. மூன்று தடவை விழுவார். முதல் தடவை தாஸு மெல்ல மண்டியிட்டு, கையை ஊன்றி, சரியாக எழுந்துவிட்டான். பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டே பின்னால் போனார்கள். கூட்டத்தின் பின்பக்கத்தில் இருந்த சூசையம்மாளுக்கு அவன் தலை மட்டும்தான் தெரிந்தது.

இரண்டாம் தடவை விழுகிற இடத்துக்கான படம் செல்லம்மாள் கடை எதிரில் வேப்பமரத்தில் மாட்டியிருந்தது. பாதை முடிந்து வருகிறவர்களுக்கு என்று வருஷா வருஷம் செல்லம்மாள் பானகம் கரைத்து வைப்பாள். அன்றைக்கும் கடை வாசலில் இரண்டு குடம் நின்றது. அங்கே வந்ததும் தாஸு தடாலென்று விழுந்தான். சிலுவை அவன் முதுகின் மேல் சரிந்தது. முகம் மண்ணில் புதைந்தது. அங்கி முதுகோடு ஒட்டிக்கொள்ளும்படி வேர்த்திருந்தது, உதடு எதையோ முணுமுணுத்தது. இத்தனை வருஷத்தில் இப்படி யாருமே விழுந்ததில்லை. பார்த்தவர்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். கிளியம்மாள் என்ற கிழவி, பாவி நான், என் பாவத்துக்குத்தானே ஆண்டவரே என்று மண்ணில் விழுந்து கும்பிட்டாள். எல்லோரும் மண்டியிட்டு ஜெபம் சொன்னார்கள். ஜெபம் முடிந்தது. பாட்டும் ஆரம்பித்தது. தாஸு எழுந்திருக்கவில்லை.

தூக்கிவிடப் போன ஆளை அவன் கையால் தள்ளி அடித்தான். குழறிக் குழறி ஏதோ திட்டினான். அந்தக் குழறல் காதில் விழுந்ததும் சூசையம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மண்டியிட்டிருந்தவர்களைத் தாண்டிக்கொண்டு ஓடினாள். அவன் கை ஜில்லென்று இருந்தது, கண் எங்கேயோ பார்த்தது. முந்தானையைத் தடவினாள், முடிச்சு இல்லை. பக்கத்திலேயே பானகக் குடம். ஒரு சொம்பை முக்கி எடுத்து அவன் வாயருகே கொண்டு போனாள்.

ராஜம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சொம்பு கவிழ்ந்து பானகம் மண்ணில் கொட்டியது.

“இன்னாடி பண்றே? வெல்லத்தண்ணிடி அது! அவனுக்கு வெசம்னு நீதானே சொன்னே?”

“கைய வுடு ராஜம்மா. இப்ப இது குடுத்தாத்தான் பொழைப்பான்.”

அதற்குள் நான்கைந்து பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். வெயிலில் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றாள் ஒருத்தி. செல்லம்மாள் இரண்டு குடத்தையும் இழுத்துக் கடைக்குள் வைத்துக்கொண்டு குறுக்கே நின்றாள். எல்லாம் அவன் மேல் இருந்த பிரியம்தான். அந்தப் பிரியத்தை ஊட்டி ஊட்டி வளர்த்தவளே சூசையம்மாள்தான். இப்போது அதுவே சுவர் மாதிரி நின்றது. ராஜம்மாவின் பிடி இறுகிக்கொண்டே போயிற்று. ஒரு வருஷமா அரை வயிறு சாப்டு காப்பாத்திக்கினு வர்ற புள்ளைய எங்க கண்ணு முன்னாடியே கொல்லப் பாக்கறியா என்று அவள் அழுதுகொண்டே கேட்டாள்.

சூசையம்மாள் வேறு எந்த நாளாக இருந்தாலும் கடித்திருப்பாள். அன்றைக்குத் தெரு நடுவில், அத்தனை பேர் பார்க்க, ராஜம்மா காலில் விழுந்தாள்.

“நான் சொன்னது பாதிதாண்டி. சக்கர ஏறினாலும் சாவான், எறங்கினாலும் சாவான். டாக்டரம்மா ரெண்டையும் சொன்னாங்க. முழுசா சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க, அரிசி போட மாட்டீங்கன்னு மறைச்சிட்டேன். இனிமே ஒரு பிடி கூடப் போட வேணாம். ஒரு வாய் பானகம் குடு. என் தம்பிய குடு.”

ராஜம்மா குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். வருஷக்கணக்காக அந்த முகத்தோடு மல்லுக்கு நின்றவள். அது எப்போது சவடால் அடிக்கும், எப்போது புளுகும் என்று அவளுக்குத் தெரிந்த அளவு அந்தத் தெருவில் யாருக்குத் தெரியும்? இந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. கையை விட்டாள். விட்டதோடு நிற்கவில்லை. செல்லம்மாளை ஒரு தள்ளு தள்ளிவிட்டுக் கடைக்குள் போய், குடத்தின் அடியில் கையை விட்டுக் கரையாத வெல்லத்தை வழித்துக்கொண்டு வந்தாள்.

“இன்னா பண்ணணும், சொல்லு.”

“கன்னத்துக்கு உள்ள தடவு.”

ராஜம்மா தடவினாள். சூசையம்மாள் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். யாரோ ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார்கள். யாருக்கும் அதில் மனசு நிற்கவில்லை, எல்லோரும் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் சூசையம்மாளுக்கு எப்படிப் போயிற்று என்று எழுத யாராலும் ஆகாது. பிறகு தொண்டை ஒருதடவை ஏறி இறங்கியது. முழுங்குகிறான்! பானகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார்கள். கண் ஒரு இடத்தில் நிலைத்தது. அக்கா என்றான்.

சாமியார் சிலுவையை இன்னொரு பையனிடம் கொடுத்தார். கூட்டம் நகர்ந்தது. பெண்கள் மட்டும் வேப்பமர நிழலிலேயே நின்றுவிட்டார்கள்.

“காலைல வெச்ச அடைய தின்னியா இல்லியா?” என்று கேட்டாள் சூசையம்மாள்.

கோழிக்குப் போட்டுவிட்டேன் என்றான். அவள் கையை ஓங்கினாள், அடிக்கவில்லை. ஓங்கின கை அப்படியே அவன் தலையில் வந்து விழுந்தது.

“ஏண்டா?”

“அல்லாரும் ஒருவேள பட்டினி கெடந்து எனக்கு அரிசி போடறாங்கக்கா. அவங்களுக்கோசரம் நான் ஒரே ஒரு நாள் பட்டினி கெடக்கக் கூடாதா?”

கிளியம்மாள் மூக்கைச் சிந்தினாள். ராஜம்மாதான் வாயைத் திறந்தாள். அவள் கையெல்லாம் வெல்லமும் மண்ணும்.

“நாங்க கெடக்கற பட்டினி உன் வயித்துக்குடா, மடையா. நீயும் பட்டினி கெடந்தா நாங்க கெடந்ததுக்கு இன்னாடா அர்த்தம்?”

தாஸு முகத்தை அக்காவின் புடவையில் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். செல்லம்மாள் வீட்டிலிருந்து சோறும் மோரும் வந்தது. காலையிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படாத பெண்கள் சுற்றி உட்கார்ந்து, அவன் உருட்டி வாயில் போடுகிற ஒவ்வொரு உருண்டையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் போடு என்று ஒருத்தி சொன்னாள். மெதுவாகத் தின்னட்டும் என்று இன்னொருத்தி அவளை அதட்டினாள்.

சூசையம்மாள் மட்டும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தம்பி பிழைத்துவிட்டான், சரி, நாளைக்கு மருந்து? ஊரைக் கூட்டி, நான் மறைத்தேன் என்று தன் வாயாலேயே சொல்லியாகிவிட்டது. இனி எந்த முகத்தோடு பையைத் தூக்கிக்கொண்டு போவது? ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தாள். சீசாவில் இருக்கிற மருந்து இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கவே பயமாக இருந்தது.

விடியற்காலையில் வென்னீர் கொதித்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. திறந்தால் ராஜம்மா. குளித்து, தலையை அள்ளி முடிந்துகொண்டு, திட்டுவதற்குத் தயாராக வந்த மாதிரி நின்றாள். சூசையம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். எது கேட்டாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றாள்.

ராஜம்மா நேராக உள்ளே வந்து அடுப்பு முன்னால் உட்கார்ந்தாள்.

“எனக்கு அந்த ஊசி போடக் கத்துக் குடு.”

“ஒனக்கு எதுக்கு?”

“நேத்து நீ கோயில்லயே நின்னுட்டிருந்தா அவன் கதி இன்னா? நாளைக்கு ஒனக்கே ஒண்ணு ஆயிப்போச்சுன்னா? அவனுக்கு நீ ஒருத்திதானான்னு கேக்கறேன்.”

அவனைச் செங்கல்பட்டிலிருந்து கூட்டி வந்த நாளிலிருந்து அதே கேள்வியைத்தான் சூசையம்மாள் தினமும் படுக்கும்போது தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். வாய் விட்டு யாரிடமும் கேட்டதில்லை. யாரைக் கேட்பாள்?

ஊசியைத் துடைத்து ராஜம்மாவின் கையில் கொடுத்தாள். மருந்தை எந்தக் கோடு வரைக்கும் இழுக்க வேண்டும், உள்ளே காற்று நின்றால் எப்படித் தட்டி எடுக்க வேண்டும், தொடையில் எந்த இடத்தில் சதையைக் கிள்ளிப் பிடிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்ல வேண்டியதில் ஒன்றையும் விடவில்லை. ராஜம்மா மருந்தை இழுத்தாள். மாதாவே என்று கண்ணை மூடிக்கொண்டு குத்தப் போனவளைக் கண்ணைத் திறடி என்று அதட்ட வேண்டியிருந்தது. ஊசி கோணலாகத்தான் இறங்கியது. தாஸு பல்லைக் கடித்துக்கொண்டான்.

“வலிச்சிச்சாடா?”

“இல்ல அத்த. அக்கா போடறதவிட நல்லாதான் கீது” என்றான் அவன்.

சூசையம்மாள் சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கையில் வேலை ஏதும் இல்லாமல் அந்த வேளையில் அவள் உட்கார்ந்ததே இல்லை. அழுகை வந்தது. முந்தானையை வாயில் திணித்தும் அடங்கவில்லை. ராஜம்மா ஊசியைத் தண்ணீரில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

“அழறத அப்பறம் வெச்சிக்கோ” என்றாள். “மொதல்ல புள்ளைக்கு சோத்தப் போடு. அவன் துன்னு முடிக்கிற வரைக்கும் நான் இங்கியே குந்திக்கினு பாக்கப் போறேன்.”